சவளக்கடை வயலில் உருகிப்போன ஐஸ்

எஞ்சின் நின்றபோது நாங்கள் சவளக்கடை வயல்களுக்கு மேலே ஆயிரம் அடி உயரத்தில் இருந்தோம். ஓட்டியது என் மாணவி, சாய்ந்தமருது றிஸ்னா. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளன் நான்.

அன்று காலை மழை பெய்து ஓய்ந்து, வெயில் ஏறியிருந்தது. சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். கல்முனைக் கடற்பக்கமிருந்து பவரைக் குறைத்து இறங்கிக்கொண்டிருந்தோம். எஞ்சின் வேகத்தைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் மெல்ல மெல்லக் கீழே போனது.

“சேர், கார்பரேட்டர்ல ஐஸ் கட்டுது போல” என்றாள்.

“இந்த வெயில்லயா? நம்மட ஊர்ல ஐஸ் மீன் வாடியில மட்டும்தான் புள்ள இரிக்கு” என்று சிரித்தேன்.

நானும் பக்கத்து நிந்தவூர்க்காரன்தான். கார்பரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். காற்றில் ஈரம் இருந்தால், வெளியே வேர்த்துக் கொட்டினாலும் உள்ளே ஐஸ் பிடித்து எஞ்சினுக்குப் போகிற காற்றை அடைக்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நம்பியதில்லை. குளிர்நாட்டுக்காரன் பாடம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அவள் கார்ப் ஹீட் நொப்பை இழுத்தாள். கார்பரேட்டருக்குள் சூடான காற்றை விடுகிற குமிழ் அது. உடனே எஞ்சின் இருமிக் குலுங்கியது. உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போகும்போது அப்படித்தான் குலுங்கும், பொறுத்திருந்தால் சரியாகிவிடும். எனக்கு எங்கே பொறுமை? நொப்பைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன்.

“தள்ளாதீங்க சேர்!” என்று அவள் கத்தி முடிப்பதற்குள் எஞ்சின் நின்றது.

அறுவடை முடிந்த வயலொன்றை அவள் காட்டினாள். நான் இறக்கினேன். முன்சில்லு வயல் வரம்பில் அடிபட்டு விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

“பெற்றோல் மணக்குது, கெதியா வெளிய வாங்க!” என்று கத்தியபடி ஓடிவந்த விவசாயி ஒருவர் எங்களை இழுத்தெடுத்தார். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்குத் தோள் எலும்பு முறிவு.

பொறியியலாளர் வந்து கார்பரேட்டரைக் கழற்றும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அந்த வெயிலில் ஐஸ் காத்திருக்குமா? “எஞ்சின்ல ஒரு பிழையுமில்ல” என்றார். அப்படியானால் பிழை எங்கள் இருவரில் ஒருவருடையது.

மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் வாக்குமூலத் தாளை நீட்டினார். “மாணவி பதறிப்போய் நொப்ப மாறிப் பிடிச்சிட்டா எண்டு எழுதுங்க. படிக்கிற புள்ளதானே, ஆரும் பெரிசா எடுக்கமாட்டாங்க. உங்கட லைசன்ஸும் தப்பும்.”

பெரிசாக எடுக்கமாட்டார்களாம்! ஆஸ்பத்திரியில் அவளுடைய வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார்: “சேர், புள்ளயில பிழையெண்டாச் சொல்லுங்க. பறக்கிறத இதோட நிப்பாட்டிருவம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. லைசன்ஸ் போனால் வேறு தொழில் தெரியாதவன் நான். ஆனாலும் எழுதினேன்: ‘மாணவி செய்தது சரி. நொப்பை உள்ளே தள்ளியது நான்.’ அந்தத் தாளின் பிரதியை அவளுடைய வாப்பாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வருஷம் பயிற்சி கொடுக்க எனக்குத் தடை. அலுவலகத்தில் கோப்பு அடுக்கினேன். றிஸ்னா எலும்பு பொருந்தியதும் வந்து, வேறொருவரிடம் பறந்து லைசன்ஸ் எடுத்தாள். என்னோடு பறக்க அவள் கேட்கவில்லை. அது நியாயம்தான்.

இப்போது பறக்கப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கார்ப் ஹீட்டை முழுக்க இழுங்கள், இழுத்தபடியே விடுங்கள். எஞ்சின் குலுங்கும், குலுங்கட்டும். பக்கத்தில் இருக்கிற சேர் பதறிப்போய் நொப்புக்குக் கை நீட்டினால், அவருடைய அனுபவத்துக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் கையைத் தட்டிவிடுங்கள்.