வாங்க என்று சொல்லாத வீடு

ஐயா இறந்த பதினாறாம் நாளுக்கு, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொல்லி அவர் மகன் என்னிடம் கேட்டார். திருத்தங்கல் அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. சுற்றிலும் தங்க நிற பார்டர், நடுவில் அங்கவஸ்திரத்தோடு ஐயாவின் படம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஜமீன் குடும்பத்தில் பிறந்தார், சென்னையில் சட்டம் படித்தார், மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராகவும் ஒரு முறை மந்திரியாகவும் இருந்தார், கண்மாய்களைத் தூர்வாரினார், பட்டாசுத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டக் குடும்ப நிலத்தைக் கொடுத்தார். எல்லாம் உண்மை. பத்தொன்பது வருஷம் அவருக்கு உதவியாளராக இருந்தவன் எழுதியது, பிழை இருக்காது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிற இரண்டு நாட்கள் அதில் இல்லை. அவை அச்சடிக்கிற விஷயமும் இல்லை.

ஐயா மரியாதை தெரிந்தவர். சின்னப் பையனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் அவர் வீட்டு வராந்தாவில் மனு கொடுக்க வந்தவர்களுக்கு நாற்காலி கிடையாது. அவர் கூப்பிடும் வரை நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அதற்குப் பிறகும் பல வருஷம் தினமும் காலையில் அங்கேதான் நின்றேன். இதே சட்டம் அவருக்கும் உண்டு. கூப்பிடாத வீட்டில் கால் வைக்கக் கூடாது என்று அவர் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். ஓட்டுக் கேட்கப் போகும்போதுகூட, வீட்டுக்காரர் வாயால் “வாங்க” என்று வந்தால்தான் படி ஏறுவார். அதனால் நான் அவருக்கு இருபது அடி முன்னால் ஓடி, வீடு வீடாக “ஐயா வர்றாக, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கெஞ்சிக்கொண்டே போவேன். தேர்தல் ஆணையம் அறியாத பதவி அது. மூன்று தேர்தலில் வகித்திருக்கிறேன்.

இழவு வீடுகளுக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் நேரில் போவதில்லை. மாலையும் கோடித் துணியும் கணக்குப்பிள்ளை கையில் போகும். பெரிய தலைவர்கள் இறந்தால் சென்னைக்குப் போவார்தான். அங்கே கட்சிக்காரர்கள் கையைப் பிடித்து அழைத்துப் போய், அழைத்து வந்து காரில் ஏற்றிவிடுவார்கள்.

நான்காவது தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது, பக்கத்து ஊர்ப் பட்டாசு ஆலை ஒன்றில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. இறந்தவர்களில் ஒருவர் மூன்று தேர்தலிலும் ஐயாவுக்காக வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவர். காலையில் கஞ்சி குடிக்காமல் வந்து, பெட்டிக்கு சீல் வைக்கிற வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன். இந்த முறை நீங்களே போக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் கிளம்பினார்.

சின்னத் தெரு. வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் வருவதற்குள் ஐயா மாலையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்கு வருகிறவரை யாரும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். வந்தவர் தானாக உள்ளே போய் மாலையைப் போட்டு, வீட்டு ஆண்களின் கையைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். ஐயாவுக்கு அது தெரியாது. அவர் அந்த ஒரு சொல்லுக்காக நின்றார். அவர்கள் அவர் உள்ளே வருவதற்காக நின்றார்கள். இரண்டு நிமிஷம் இருக்கும். ஐயாவின் காது மடல் சிவந்தது. திரும்பி மாலையை என் கையில் கொடுத்து, “நீங்க போட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

போட்டுவிட்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தேன். “நம்ம வந்தது அவுகளுக்குப் பிடிக்கல தம்பி” என்றார். நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். காரைத் திருப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை டிரைவர் முன்னால் சொல்ல வேண்டாம் என்று நினைத்ததாக வெகு நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கூப்பிடுவதற்காக வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் ஒரு தடவை தெரியட்டுமே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே ஊர் பேசிவிட்டது. வாசலில் நின்று மாலையை ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினார், தீட்டுப் பார்த்தார், செத்தவன் மூஞ்சியைக்கூடப் பார்க்கவில்லை என்று. தேர்தலில் தோற்றார். அதனால் மட்டும்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன், காற்றே அப்போது மாறித்தான் அடித்தது. ஆனால் அந்த ஊர்ப் பெட்டி அதுவரை அவரைக் கைவிட்டதில்லை. அதன் பிறகு அவர் போட்டியிடவும் இல்லை.

தோற்ற சில மாதம் கழித்து ஒரு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். “இழவு வீட்டுல வாங்கன்னு சொல்ல மாட்டாகய்யா. கிளம்பும்போது போயிட்டு வாரேன்னு நம்மளும் சொல்லக் கூடாது. அன்னைக்கு உங்கள யாரும் அவமானப்படுத்தல.”

பேப்பரை மடித்தார். “அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்யா.”

எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் காரை எடுக்கச் சொன்னார்.

இறந்தவரின் மனைவி வாசலில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வாங்கய்யா, உள்ள வாங்க” என்றார். இந்த முறை நான் முன்னால் ஓடவில்லை. ஐயா தலையைக் குனிந்து நிலையைத் தாண்டிப் போனார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தார். சுவரில் அந்த மனுஷனின் படம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்தம்மா மெதுவாகக் கேட்டார். “அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்தீக. அப்பாவ ஏன் பாக்காமப் போயிட்டாகன்னு எம் மக இன்னும் கேக்குறா. அவகிட்ட என்னய்யா சொல்லட்டும்?”

சட்டசபையில் எந்தக் கேள்விக்கும் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னவர். என்னை ஒரு தடவை பார்த்தார். என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் அது நியாயமும்கூட.

“தெரியாமப் போச்சு தாயி” என்றார்.

“இம்புட்டுப் படிச்சவுகளுக்கா?” அந்தம்மா குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

ஐயா எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். தெருமுனை வரை அந்த நடை நிற்கவில்லை.

அந்தம்மாவின் முகம் வாடிவிட்டது. “நான் கேட்டது தப்பாண்ணே? சொல்லாமக் கொள்ளாமப் போறாகளே, கோவிச்சுக்கிட்டாகளா?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லம்மா” என்றேன். “ஐயா இன்னைக்குத்தான் துக்கத்துக்கு வந்திருக்காக.”

அந்தம்மா தெருமுனையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து அழுதார். நானும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.