மழைமானிக்குப் பக்கத்தில் வளர்ந்த வேம்பு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வருசங்களும் இப்போது ஒன்றுக்குள் ஒன்று கலந்து போகின்றன. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் விட்ட வேலைக்கு ஒபிஸில் புதிதாக வந்த பிள்ளை, "நீங்கள் செய்ததை எழுதித் தாங்கோ அன்ரி, பிறகு வாற ஆக்களுக்கு உதவும்" என்று கேட்டபடியால் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

மல்லாவிப் பக்கத்தில் ஒரு குளத்தின் நீர்ப்பாசன ஒபிஸில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடத்தான் சேர்ந்தேன். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த காலம். கட்டடம் புதிது. வளவில் ஒரு புல்லும் இல்லை. முதல் நாளே ஒபிஸுக்குப் பொறுப்பான பெரிய சேர் என்னை வளவுக்குக் கூட்டிப்போனார். நடுவில் ஒரு குழாய் நட்டிருந்தது. உள்ளே ஒரு புனல், ஒரு போத்தல்.

"இதுதான் மழைமானி. காலமை எட்டரைக்குப் போத்தல் தண்ணியை இந்தக் கிளாஸில ஊத்தி, எத்தனை மில்லிமீற்றர் எண்டு கொப்பியில எழுத வேணும். செய்வீங்களோ அம்மா?"

"எனக்குக் கணக்குப் பெரிசா வராது சேர்."

"கணக்கு வேண்டாம். கிளாஸில இருக்கிற கோட்டைப் பாக்கத் தெரிஞ்சாச் சரி. மழை இல்லையெண்டாப் பூச்சியம். கொஞ்சமாத் தூறினா 'தூறல்' எண்டு எழுதுங்கோ. இதுக்குக் கிட்ட ஒண்டையும் விடாதேங்கோ."

நான் விடவில்லை. மாட்டைக் கலைத்தேன். சைக்கிள் சாத்த வந்தவர்களைக் கலைத்தேன். பெரிய சேரின் மோட்டார் சைக்கிளையும் ஒருநாள் தள்ளி விடச் சொன்னேன். அந்த ஒபிஸில் நான் சத்தமாகக் கதைத்த முதல் கதை அதுதான்.

அளந்த தண்ணீரை என்ன செய்வதென்று அவர் சொல்லவில்லை. மழைமானிக்கு நாலு எட்டுத் தள்ளி ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்திருந்தது. சும்மா கொட்டுவானேன் என்று அதன் அடியில் ஊற்றினேன். மழை இல்லாத நாளில் தேத்தண்ணிக் கோப்பை கழுவிய தண்ணீரை ஊற்றினேன்.

2. ஐஸ் படம் காட்டிய கூட்டம்

பெரிய சேர் மாற்றலாகிப் போய் ஓர் இளம் சேர் வந்தார். நல்ல பிள்ளை. ஒரு காலபோகத்துக்கு, மாரி நெல் விதைப்புக்கு, முன்னம் வயல் செய்கிற கமக்காரரை ஒபிஸ் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன்.

"மழை வருசா வருசம் குறைஞ்சு வருது. அதால இனி வாய்க்கால் கடைசிப் பக்கத்து வயலுகளுக்கு நெல்லு வேண்டாம். உழுந்து, பயறு போடுவம்" என்றார்.

பிறகு சுவரில் இரண்டு படம் காட்டினார். வட துருவத்தில் கடலில் மிதக்கிற ஐஸ். ஒரே இடம், ஒரே மாதம், இடையில் கன வருசம். முதல் படத்தில் வெள்ளை பரந்து கிடந்தது. இரண்டாவதில் சுருங்கிப் போயிருந்தது. உலகம் சூடாகிறது, மழையும் அதனால் மாறுகிறது என்று விளங்கப்படுத்தினார்.

வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ளவர்கள் எல்லாரும் ஐஸ் கரைகிறதென்று நம்பினார்கள். வாய்க்கால் கடைசியில் வயல் உள்ளவர்கள் ஒருவரும் நம்பவில்லை. நடராசா அண்ணைக்குக் கடைசியில் ஐந்து ஏக்கர். அவர்தான் எழும்பினார்.

"ஐஸ்பழக்காரன்ர பெட்டியில கரையிறதை நான் கண்டனான். துருவத்தில கரையிறதை ஆர் போய்ப் பாத்தது?"

"வானத்தில சுத்துற செய்மதியில பாக்கினம் அண்ணை."

"செய்மதிக்கு எங்கட குளமும் தெரியுமே?"

"ஓம், தெரியும்."

"அப்ப எங்கட குளத்துத் துருசுக் கதவால தண்ணி ஒழுகிறதையும் கண்டிருக்குமே. ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

கடைசிப் பக்கம் கை தட்டியது. முத்துலெச்சுமி தட்டவில்லை. மலையகத்திலிருந்து வந்த குடும்பம். அவளுக்கும் அங்கேதான் இரண்டு ஏக்கர். "ஐஸ் கரைஞ்சாக் கரையட்டும் ஐயா. நெல்லு யாருக்கு, உழுந்து யாருக்குன்னு அதச் சொல்லுங்க" என்றாள்.

சேர் மூன்றாவது படத்தைப் போட்டார். இடமிருந்து வலமாக இறங்குகிற ஒரு கோடு. "இது செய்மதியில்லை. எங்கட யோகம் அம்மான்ர மழைக் கொப்பி. பதினொரு வருசம். ஒரு நாளும் விடுபடேல்லை."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன்.

நடராசா அண்ணை கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "யோகம் பொய் எழுதமாட்டாள்" என்றார். "அவள் எழுதினதெண்டா எனக்குக் கதை இல்லை." கதிரையில் இருந்துவிட்டார். முத்துலெச்சுமி தலை குனிந்தாள். கடைசிப் பக்கத்து நெல் அதோடு முடிந்தது என்று எனக்கு விளங்கியது.

சேருக்குச் சந்தோசம். "இந்த வளவிலதான் அளந்தது" என்று ஒபிஸ் திறந்த நாள் படத்தையும் போட்டார். வெறும் வளவு. நடுவில் மழைமானி தனியாக நின்றது. நான் யன்னலால் வெளியே பார்த்தேன். வேம்பு கூரைக்கு மேலே நின்றது. ஒரு கொப்பு மழைமானிக்கு நேரே நீண்டிருந்தது. ஒரே இடம், இரண்டு படம்.

தட்டைக் கீழே வைத்தேன்.

"சேர், அந்தக் கோடு முழுக்க மழையில்லை. வேம்பு."

"என்னம்மா?"

"மரம் பெருக்கப் பெருக்க மானிக்குள்ள விழுறது குறைஞ்சிருக்கும். அதுக்குத் தண்ணி விட்டு வளத்ததும் நான்தான்."

மண்டபம் முழுவதும் யன்னலுக்குப் போனது. நடராசா அண்ணை முதல் ஆளாகப் போனார்.

"பாத்தியளோ! இங்க வேம்பெண்டா, துருவத்தில என்ன மரமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். சேரின் முகம் கறுத்துப் போனது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கதைக்க வரும்.

"அங்க ஏதும் பிழையெண்டா அளக்கிறவை சொல்லுவினம் அண்ணை. நான் என்ர பிழையைச் சொன்னனான்தானே?"

நான் சேரிடம் சொன்னேன்: "எவ்வளவு எண்டதுதான் பிழை. எப்ப எண்டது சரி. மாரியில முதல் மழை விழுந்த திகதியளைப் பாருங்கோ. தூறலையும் எழுதியிருக்கிறன். மரம் தண்ணியை மறிக்கும், திகதியை மறிக்காது."

சேர் பதினொரு கொப்பியையும் மேசையில் பரப்பினார். முதல் மழை, இடைக்கிடை முன்னுக்கு வந்தாலும், பிந்திப் பிந்தித்தான் போயிருந்தது.

"அது எங்களுக்கும் தெரியுங்க" என்றாள் முத்துலெச்சுமி. "மழை பிந்தினா விதைப்பைப் பிந்துவோம். வயலைக் குறைக்காதீங்க."

அப்படியே தீர்மானம் ஆனது. எல்லாருக்கும் நெல், குறுகிய கால இனம், விதைப்பு இரண்டு கிழமை பிந்தி. நடராசா அண்ணை மட்டும் பழைய திகதிக்கு விதைத்தார். மழை வராமல் முளை கருகி, பிறகு எல்லாரோடும் சேர்ந்து திரும்ப விதைத்தார். ஐஸ் கரைகிறதா என்று கேட்டால் இப்போதும் இல்லை என்றுதான் சொல்லுவார்.

3. நான் படித்தது

மழைமானியை அணைக்கட்டுப் பக்கத்தில் மரமில்லாத வெட்டைக்கு மாற்றினார்கள். வேம்பை வெட்டவில்லை. அதன் கீழே இப்போது சைக்கிள் விடுகிறார்கள்.

மாடு வந்ததைக் கண்டேன், சைக்கிள் வந்ததைக் கண்டேன். மரம் வந்ததை மட்டும் காணவில்லை. ஒவ்வொரு நாளும் எட்டரைக்கு அதன் பக்கத்தில்தான் நின்றேன். அதனால் புதிய பிள்ளைக்குச் சொல்வது இதுதான்: வருசத்துக்கு ஒருதரம் ஒரே இடத்தில் நின்று மானியைப் படம் எடுத்து வை.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கொப்பியில் எந்த வருசம் வரை கணக்குச் சரி, எதிலிருந்து வேம்பு மறித்தது என்று சேர் கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. இதை வாசிக்கிறவர்களில் அந்தக் காலத்தில் ஒபிஸ் வளவில் நின்று படம் எடுத்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் அல்பங்களைத் தயவுசெய்து ஒருக்கால் பார்த்து, பின்னால் வேம்பு எவ்வளவு உயரம் நிற்கிறது, எந்த வருசம் என்று ஒபிஸுக்கு அறிவியுங்கள். படத்தில் நானும் நின்றால் என்னைப் பார்க்க வேண்டாம். மரத்தைப் பாருங்கள்.