ஐஸில் வைத்த எட்டுக் கதிர்

கண்ணுங்களா, மூன்று மாதத்துக்கு முன்னால் நம் மொட்டை மாடியில் விளைந்த ஸ்வீட்கார்னை எல்லோரும் உட்கார்ந்து உரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, துணியில் ஈரம் ஒற்றி, முத்துகளைச் சீவிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்தோம். நான் மட்டும் ஒரு கதிரை வேகவைக்காமல் அப்படியே உள்ளே வைத்தேன். அது கெட்டுப்போகும் என்று பாப்பா சொன்னாள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன் என்றேன். இதெல்லாம் எனக்கு வாயால் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. உங்கள் தாத்தாவை நாங்கள் நைனா என்போம். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீனுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம் தை மாதம் அக்கா, அதாவது உங்கள் அத்தை, சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்த்த மாமாவைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று நைனா ஒரே ஒரு தரம் சொன்னார். அப்புறம் அவள் பேச்சையே எடுக்கவில்லை. சாத்தாங்காடு எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். எனக்கோ அக்கா கப்பலேறிப் போய்விட்டது போல இருந்தது.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகு கரையில் கிடந்தது, நைனா வீட்டில் கிடந்தார். ஒருநாள் அக்காவின் அலமாரியில் அவள் வாங்கி வைத்திருந்த சோள விதைப் பாக்கெட் அவர் கையில் அகப்பட்டது. சோளம் என்றால் அக்காவுக்கு உயிர். உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகளை மாடிக்கு ஏற்றி, மண் நிரப்பி, நைனா விதை போட்டார். அம்மா கேட்டதற்கு, சும்மா கிடந்தது, போட்டேன் என்றார். மீன் கழுவின தண்ணீரைத் தினமும் அவரே சுமந்து ஊற்றினார்.

செடி என் தலைக்கு மேல் வளர்ந்தது. சாயங்காலங்களில் பெட்டிகளுக்கு நடுவே மல்லாந்து படுத்துக்கொள்வேன். இலைகள் உரசுகிற சத்தமும் கடலின் சத்தமும் ஒன்றாகிவிடும். கதிர் நுனியில் முளைத்த பட்டு நூல்கள் உப்புக் காற்றில் அலையும். தூரத்தில் மணலி எண்ணெய் ஆலையின் உயரக் குழாயில் எரிகிற தீ, வானத்தில் யாரோ விளக்கேற்றிவிட்டு அணைக்க மறந்ததுபோல இருக்கும். மாடி மெல்ல நகர்ந்து கடலுக்குள் போவதாக நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

ஆடியில் கதிர் ஒடித்தோம். பாதி பொக்கை. அக்கம்பக்கம் கொடுத்தது, நாங்கள் தின்றது போக, முத்து நிறைந்த எட்டுக் கதிரை நைனா தனியே எடுத்தார். ஐஸில் வைக்கப்போவதாகச் சொன்னார். முதலில் ஒரு கொதி விட வேண்டுமாம், விதைக்கடைக்காரர் சொன்னார் என்றாள் அம்மா. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நைனா சிரித்தார்.

“இன்னாமே, வெந்தத ஐஸ்ல வெப்பாங்களா? வஞ்சிரத்த கொழம்பு வெச்சிட்டா பெட்டில போடறோம்?”

நைனா பொடித்த ஐஸ் வாங்கிவந்து, பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு கதிர் என்று வஞ்சிரம் அடுக்குவதைப் போலவே அடுக்கினார். நன்றாகச் சில்லிட்டதும் ஃப்ரீசரில், மீன் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்தார். யாருக்கு என்று அம்மா கேட்டாள். யாருக்கும் இல்லை என்றார்.

நான் கேட்டு எதையும் மறுக்காதவர், அதில் ஒன்றைக் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டார். கடலுக்குப் போய் வந்ததும் ஃப்ரீசரைத் திறப்பார், கதிரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், மூடுவார். அவர் இல்லாதபோது நானும் திறப்பேன். வெண்புகை முகத்தில் படும். உறைபனிக்குள் எட்டுக் கதிரும் மஞ்சளாகத் தூங்கும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அக்கா வந்து வாசலில் நின்றாள். வயிற்றில் ஏழு மாதம். படியேறவில்லை. அவளைப் பார்த்ததும் நைனா எழுந்து மாடிக்குப் போனார். போகிற போக்கில் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“ஃப்ரிட்ஜுல சோளம் கீது.”

அம்மா ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இரண்டு கதிரை வேகவைத்தாள். நானும் ஒரு கடி கடித்தேன். நனைந்த பஞ்சைக் கடித்தது போல இருந்தது. இனிப்பே இல்லை. மீன் வாடை வேறு. துப்பிவிட்டேன். அக்கா குனிந்த தலை நிமிராமல், கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டையும் ஒரு முத்து விடாமல் தின்றாள். மேலே போய், நன்றாக இருந்ததாக நைனாவிடம் சொல்லச் சொல்லி என்னை அனுப்பினாள்.

நைனா தூறலில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

“தின்னாளா?”

“ரெண்டு தின்னா. நல்லா கீதுன்னு சொல்லச் சொன்னா. ஆனா கலீஜா கீது நைனா. மீன் நாத்தம்.”

உண்மை பேசிவிட்ட பெருமை எனக்கு. நைனா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தின்னாளா” என்று மறுபடியும் கேட்டார். பிறகு கீழே இறங்கிவந்து, ஒன்பது மாதத்துக்குப் பிறகு அக்காவிடம் முதல் வார்த்தை பேசினார்.

“இன்னும் ஆறு கீது. எத்துக்கினு போ.”

அக்கா ஆறையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு கெட்டுப்போனதை ஒருத்தி ஏன் பத்திரமாகக் கொண்டுபோகிறாள், அதை நைனா ஏன் கவருக்கு மேல் கவர் போட்டுக் கட்டிக் கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இந்த வீட்டில் நாக்கில் ருசி உள்ளவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, அந்த ஒற்றைக் கதிரை எடுத்து வேகவைத்தேன். நம் ஃப்ரீசரிலும் மீன் இருக்கிறதே, அதே வாடை. மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து, ஒரு முத்து விடாமல் தின்றேன்.