சாக்கடையைத் தேடிச் சரித்திரம் படித்தவர்

பதினெட்டு வருஷமாக மச்சினனுக்குத் தன் அக்காள் புருஷன் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. இருவரும் சேர்ந்து குழாய் வேலை பார்த்தவர்கள். மாமா அளந்து இணைப்பார், இவர் தோண்டிப் புதைப்பார். அப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம் நாற்பது மீட்டர் கழிவுநீர்க் குழாய் போட்டு, மண்ணைத் தள்ளி, மிதித்துச் சமனாக்கியும் ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலை மாமா ஒரு தடித்த புத்தகத்தோடு வந்து நின்றார்.

“மாப்ள, தோண்டு.”

“எதை?”

“போட்டதைத்தான். கிளைக் குழாய் வந்து சேர்ற இடத்துல எல்லாம் ஒரு குழி வைக்கணும். மண்ணும் குப்பையும் அதுல தங்கிடும், தண்ணி மட்டும் போகும். சிந்துவெளியில நாலாயிரத்தி ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே செங்கல்ல கட்டியிருக்கான் பாரு.”

“செத்தவன் கட்டினான்னு நான் சாகணுமா மாமா?”

தோண்டினார். நாலு நாள். மூன்றாம் நாள் பிடித்த இடுப்பு இன்றுவரை விட்டபாடில்லை. குனிந்து செருப்பு வார் மாட்டும்போதெல்லாம் மாமாவை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நிமிர்வார். அந்தக் குழாய் இதுவரை ஒரு தடவைகூட அடைத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். அதற்காக இடுப்பு திரும்பி வருமா?

தெருவில் மாமாவுக்குப் பெயரே ‘சரித்திரம்’தான். நூலகத்தில் உலக வரலாறு அடுக்கியிருக்கும் மூலையில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் கிடந்தது. எந்தப் புத்தகத்தையும் கடைசியிலிருந்துதான் திறப்பார். பின்பக்கச் சொல்லடைவில் ‘வடிகால்’ இருக்கிறதா, ‘குழாய்’ இருக்கிறதா என்று விரலை ஓட்டுவார். இல்லையென்றால் புத்தகம் அலமாரிக்கே போய்விடும்.

“வாசல்ல நின்னு அரண்மனையப் பாத்துட்டு வந்து எழுதியிருக்கான். பின்னாடி போய்ப் பாக்கவே இல்ல” என்பார் நூலகரிடம்.

இருந்துவிட்டாலோ வீடு அமர்க்களப்படும். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் பழைய அரண்மனையில் கிடைத்த சுட்ட மண் குழாய்களைப் பற்றிப் படித்த அன்று, செய்தித்தாள்களைக் கூம்பு கூம்பாகச் சுருட்டினார். ஒன்றின் ஒடுங்கிய முனையை இன்னொன்றின் அகன்ற வாயில் சொருகிச் சாப்பாட்டு மேசை நீளத்துக்கும் ஓட்டிவிட்டார்.

“வாய் ஒடுங்கினா தண்ணிக்கு வேகம் வரும், வண்டல் தங்காது. எப்படி யோசிச்சிருக்கான் பாத்தியா?”

தட்டு வைக்க இடமில்லாமல் நின்ற அக்காள், “அவன் எங்க உக்காந்து சாப்ட்டான்னு எழுதியிருக்கா?” என்றாள்.

போன வருஷம் சர்க்கரை வியாதியில் மாமாவுக்குக் கண் போயிற்று. பின்னாலேயே சிறுநீரகமும் கைவிட்டது. படுத்துவிட்டார். வைத்தியர் நாள் குறிக்கவில்லை, ஆனால் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. வலியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு குறைதான். இத்தனை புத்தகத்திலும் கட்டச் சொன்னவன் பெயர் இருக்கிறது, குழாய் போட்டவன் பெயர் ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டதில்லை.

“ஒருத்தன் பேராவது எங்கயாச்சும் இருக்கும் மாப்ள. போறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்.”

மச்சினன் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் வேலை முடிந்ததும் நூலகப் புத்தகத்தோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். முதலில் கடனே என்றுதான் படித்தார். சிந்துவெளி நகரம் ஒன்று வந்தது. வீட்டுக்கு வீடு குளியலறை, தண்ணீர் வழிந்தோடச் சரிவாக வாட்டம் கொடுத்த செங்கல் தரை, தெரு நெடுக மூடிய சாக்கடை. அடுத்த பக்கத்தில் ஒரு குழியின் படம். முகத்தைப் பக்கத்தில் ஒட்டாத குறையாக வைத்துப் பார்த்தார். மூலையில் செங்கல்லை மாற்றி மாற்றி அடுக்கியிருந்த விதம்கூட இவர் கை அடுக்கும் அதே விதம். விரலால் அந்த மூலையைத் தடவினார்.

“என்ன மாப்ள, சத்தத்தக் காணோம்?”

“ஒண்ணுமில்ல. இந்த ஊர் ராஜா பேரு என்ன மாமா?”

“யாருக்கும் தெரியாது. ராஜான்னு ஒருத்தன் இருந்தானான்னே தெரியாது. வாட்டம் மட்டும் தெரியுது.”

அதன்பிறகு மச்சினன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஏழாவது புத்தகத்தில் ரோமாபுரி வந்தது. ஓர் ஈயக் குழாயின் படம். கீழே இருந்ததை எழுத்தெழுத்தாகக் கூட்டினார்: ‘சில குழாய்களில், அவற்றைச் செய்த தொழிலாளியின் பெயரும் வார்ப்பில் புடைத்திருக்கும்.’

மாமா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இன்னொரு தடவை படி.”

படித்தார்.

“பேரு என்னன்னு தெரியுதா?”

“படத்துல பாதி தேஞ்சுபோயிருக்கு மாமா. நாலு எழுத்து நிக்குது.”

“நாலு எழுத்து போதும்டா. இருந்திருக்கான்.” பார்வையில்லாத கண்கள், அண்ணாந்து ஒரு மலையைப் பார்ப்பவருடையவை போல விரிந்திருந்தன. பிறகு, “நாளைக்கு என்ன வேலை?” என்றார்.

“ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குழி கட்டியாச்சு. மூடி வார்க்கணும்.”

“சிமெண்ட் காயறதுக்குள்ள ஆணியால பேர எழுதிடு.”

“உங்க பேரையா?”

“எம்பேரு எதுக்கு? நான் பாதி நாள் படிச்சிட்டுல்ல உக்காந்திருந்தேன். உம்பேரு.”

மச்சினன் புத்தகத்தை மூடினார். மாமா அவரிடம் கடைசியாக ஒப்படைத்த வேலை அதுதான். அதையும் வேலை சொல்லும் குரலிலேயே சொன்னார்.

“எழுதின பக்கத்த மேல வச்சிடாத, செருப்பு தேச்சிடும். குழியப் பாக்கற மாதிரி கவுத்துப் போடு. என்னைக்காவது தோண்டுறவன் பாப்பான்.”