எரிக்காத எண்ணெய்க்குப் பற்றுச்சீட்டு

கொக்கிளாய்க் களப்பில் பிடிபடும் நண்டை வாங்கி, சதையைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்பும் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. நண்டைப் பற்றி நான் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு பெட்டி நண்டு வெளிநாட்டுக் கடைக்குப் போய்ச் சேரும்வரை எவ்வளவு எண்ணெய் எரிந்தது, எவ்வளவு புகை போனது என்று கணக்கெடுப்பதே என் உத்தியோகம். அந்தக் கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்று புள்ளியும் போட வேண்டும். ஒன்று என்றால் திறம். ஐந்து என்றால் குப்பை.

விமானக் கம்பனிக்கு ஒன்று விழுந்தது. வானத்தில் எரித்துத் தள்ளுகிறார்கள்தான். ஆனால் சொட்டுக்குச் சொட்டு முத்திரை குத்திய பற்றுச்சீட்டு வைத்திருக்கிறார்கள்.

ஐந்து விழுந்தது, களப்பில் தடியூன்றி வள்ளம் விடும் ஓர் அண்ணைக்கு. ஐம்பதைத் தாண்டியவர். வள்ளத்தில் எஞ்சின் கிடையாது.

"மாதம் எவ்வளவு மண்ணெண்ணெய் எரிக்கிறியள் அண்ணை?"

"ஒரு சொட்டும் இல்லைத் தங்கச்சி. இந்த ரெண்டு கையும்தான்."

பூச்சியம் என்று பதிந்தேன். கணினி ஏற்கவில்லை. அதன் அகராதியில் பூச்சியம் என்றால் தகவல் இல்லை என்று அர்த்தமாம். எங்கோ ஆழ்கடலில் ஓடும் பெரிய றோலர் படகுகளின் சராசரியைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு, ஐந்தையும் போட்டது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். "எரிக்கவில்லை என்பதற்குப் பற்றுச்சீட்டு அனுப்பவும்" என்று பதில் வந்தது. அதை எந்தக் கடையில் தருவார்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. சம்பளத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன். கீழே இன்னொரு வரி இருந்தது: ஐந்து எடுத்தவர்களிடம் அடுத்த மாதத்திலிருந்து நண்டு வாங்கப்படாது. அண்ணைக்கோ எங்களை விட்டால் வேறு ஆளில்லை.

சொல்லப் போனபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

"றோலர்காரன்ர எண்ணெயை என்ர தலையில கட்டிப்போட்டு, பிறகு என்ர நண்டும் வேண்டாமாமோ?"

"மாசம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் வேண்டி, கடைக்காரன் தாற பற்றுச்சீட்டுத் துண்டைக் கொண்டுவாங்கோ அண்ணை" என்றேன்.

வாங்கினார். எண்ணெய் அவர் குசினியில் போத்தலோடு கிடந்தது. துண்டைப் படமெடுத்து அனுப்பினேன். கணினி உச்சி குளிர்ந்து ஒன்று போட்டது. உண்மையைச் சொன்னபோது குப்பை, பொய்யைச் சொன்னதும் திறம். எப்படியோ, அவருடைய நண்டு தொடர்ந்து விமானம் ஏறியது.

மறு வருடம் கம்பனி அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. றோலர் அளவு எண்ணெயிலிருந்து மாதம் ஒரு லீற்றருக்கு இறங்கிப் புகையைக் குறைத்த முன்மாதிரி மீனவராம். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. கூட வந்த கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன்: தொடர்ந்து நண்டு வாங்க வேண்டுமானால், அடுத்த வருடம் இதிலும் பாதியைக் குறைக்க வேண்டும்.

அண்ணை பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"குறைக்கலாம் தங்கச்சி. அரை லீற்றருக்கும் துண்டு தருவாங்களோ?"