மூட்டைக்குள் போன ஐந்து கூடுகள்

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றப் பிள்ளைகள் புழுவைக் கண்டு "ஐயே" என்று கையை உதறுகிற வயதில், நாங்கள் அதை உள்ளங்கையில் ஊரவிட்டுச் சோறு தின்போம். ஐந்து வயதில் எனக்கு அந்தக் கர்வம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதை வலிக்காமல் இறக்கி வைத்தவர் எங்கள் அங்கன்வாடி டீச்சர்.

காரிமங்கலத்திலிருந்து வருகிற டவுன் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். அதில்தான் டீச்சர் வருவார். புத்தகத்தைவிடத் தரையில் கிடப்பதன்மேல்தான் அவருக்கு நம்பிக்கை. பங்குனிக் காற்றில் உதிர்ந்த மாவடுக்களை எங்களைப் பொறுக்கிவரச் சொல்லி, சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, முதலாவது, இரண்டாவது என்று சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் நாலாவதைக் காணோம்.

"நாலாவது எங்கப்பா?"

புளிப்பில் வாய் கோணி உட்கார்ந்திருந்த ஒருவனை எல்லாரும் கை காட்டினோம். "சரி வுடுங்க. இனிமே அஞ்சாவதுதான் நாலாவது" என்று டீச்சர் பாடத்தைத் தொடர்ந்தார். வரிசை என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த நிமிஷத்தில்தான்.

அதே மாதத்தில் ஒருநாள் எங்கள் புழு ஷெட்டுக்கு வந்தார். அழுக்கும் வாசனையும் புழுவுக்கு ஆகாது என்பதால், ஷெட் விஷயத்தில் அப்பா பொல்லாதவர். வாசலில் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருக்கும். கால் கழுவாமல், அதை மிதிக்காமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. பவுடர் பூசிக்கொண்டு வந்ததற்காக என் சொந்த அத்தையையே, "நீ கல்யாணத்துக்குப் போயிட்டு அப்பறமா வா" என்று திருப்பி அனுப்பியவர். டீச்சரோ யாரும் சொல்லாமலே தலையிலிருந்த பூவை எடுத்து வேலியில் வைத்தார். தொட்டியில் மொண்டு கால் கழுவினார். அப்படியும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணா, அஞ்சு புழு குடுப்பீங்களா? புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தத்தான்."

"புழுவுல என்னாங்க டீச்சர் பாடம்?"

"எது மொதல்ல, எது ரெண்டாவது, எது கடைசின்னு வரிசை தெரிஞ்சுட்டா, அதுங்களே கதை சொல்லிடுங்க."

அப்பாவுக்கு அது பிடிபட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் வேலியில் இருந்த பூவை ஒருதரம் பார்த்தார். பிறகு நல்ல புழுவாக ஐந்தைப் பொறுக்கி, தளிர் இலையோடு கொடுத்தார்.

வகுப்பில் ஒரு முறத்தை ஐந்தாகத் தடுத்து, ஐந்து புழுக்களையும் விட்டோம். நாலு நாலு பிள்ளைக்கு ஒரு புழு. பட்டுப்புழு நாலு முறை தோலுரிக்கும். அப்போதெல்லாம் தின்னாமல் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அதைத் தூக்கம் என்போம். முதல் இரண்டு தூக்கமும் எங்களிடம் வருவதற்கு முன்பே முடிந்திருந்தன. "நாம வர்றதுக்கு முன்னாடியே கதை ஆரம்பிச்சிடுச்சு, பாத்தீங்களா?" என்றார் டீச்சர். மூன்றாம் தூக்கத்தில் எந்தப் புழு முதலாவது, எது இரண்டாவது என்று பெரிய போட்டி. எங்கள் புழு ஐந்தாவது. புழு வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? அழுதேன்.

"அஞ்சாவதா தூங்கறவன் அஞ்சாவதா எந்திரிப்பான். அவ்ளோதான் பாப்பா" என்றார் டீச்சர்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "ஒன்ன மாதிரி சோம்பேறிப் புழு போலிருக்கு" என்றார்.

வகுப்பில் ஒரு கயிறு கட்டி, நடந்ததையெல்லாம் டீச்சர் படமாக வரைந்து வரிசையாகத் தொங்கவிட்டார். முட்டை, குஞ்சுப் புழு, தூக்கம், இலை தின்னும் பெரிய புழு, கூடு. கடைசிப் படத்தை மட்டும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார். "கடைசியில என்னா ஆகும்? யாரு சொல்றீங்க?"

நான் எழுந்து நின்றேன். "மூட்டைங்க டீச்சர்."

"ஐய, மூட்டையாம்!" என்று வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் கூடு கட்டிய ஐந்தாறு நாளில் மூட்டை கட்டுவார்கள், அப்பா தர்மபுரிப் பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு முதல் பஸ்ஸைப் பிடிப்பார். அதற்கப்புறம் என்ன என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. நாள் தள்ளிப் போனால் கூட்டில் ஓட்டை விழும், நூல் வராது, உழைப்பெல்லாம் வீண் என்று மட்டும் நூறு முறை கேட்டிருக்கிறேன்.

ஆகவே அப்பா மூட்டை கட்டிய அன்று, வகுப்புக் கூடுகள் கெட்டுப்போகுமே என்ற பதைப்பில், சாயங்காலம் எல்லாரும் செருப்பு தேடுகிற நேரமாகப் பார்த்து ஐந்தையும் என் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மூட்டைக்குள் நழுவவிட்டேன். பெரிய காரியம் செய்த நிம்மதியில் படுத்தேன்.

மறுநாள் முறம் காலி. பாதிப் பேர் அழுகை. "நான்தான் மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டேன், இல்லன்னா கெட்டுப் போயிருக்கும்" என்று பெருமையாகவே சொன்னேன். "திருடி!" என்றான் நாலாவது மாவடுவைத் தின்றவன்.

டீச்சர் முகம் ஒரு கணம் வாடியது. ஐந்து புழுக்களுக்கும் தினம் இலை நறுக்கிப் போட்டவர் அவர்தானே. ஆனால், "பாப்பா பொய் சொல்லலப்பா. அவங்க வூட்டுக் கதை அங்கதான் முடியுது" என்று ஒரு தாளை எடுத்து, மூட்டையும் பஸ்ஸும் வரைந்து கயிற்றில் மாட்டினார். பக்கத்தில் அந்தக் கடைசிப் படம் திரும்பியபடியே தொங்கியது. அன்று முழுக்க அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். பிசைந்த சோறு தட்டிலேயே நின்றது.

"டீச்சரு என்னா சொன்னாங்க?"

"மூட்ட படம் வரைஞ்சாங்க."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு, டார்ச்சோடு ஷெட்டுக்குப் போனார். புழுக்கள் கூடு கட்டும் மூங்கில் தட்டுகளின் இடுக்குகளில், பிந்திக் கட்டியதால் எடைக்கு உதவாது என்று விட்டுவைத்த கூடுகள் கிடந்தன. அவற்றில் ஐந்தைத் தேடி எடுத்தார். காலையில் அவரே கொண்டுவந்தார். அங்கன்வாடிக் குழாயில் நின்று காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படியேறினார்.

"இங்க எதுக்குப்பா காலு கழுவற? கூடுதான இருக்கு, புழு இல்லையே" என்றேன்.

"இருக்கட்டும் பாப்பா."

அன்றிலிருந்து, காலையில் என்னை விட வருகிற சாக்கில் அப்பா வந்தார். ஒவ்வொரு நாளும் கால் கழுவினார். எட்டாம் நாள் ஒரு கூட்டின் நுனி ஈரமாகி, வெள்ளையாக ஒரு தலை நீண்டது. முறத்தில் மூன்றாவது தடுப்பில் இருந்த கூடு. "மூணாவது வந்துச்சு!" என்று ஒரு கட்சி, "மொதலாவது வந்துச்சு!" என்று ஒரு கட்சி.

"மூணாவது கூடு, மொத பூச்சி. ரெண்டுமே சரிதான்" என்று டீச்சர் கடைசிப் படத்தைத் திருப்பினார். அதில் பூச்சி வானத்தில் பறந்துகொண்டிருந்தது. முறத்தில் இருந்த பூச்சியோ சிறகைப் படபடத்தபடி நடந்ததே தவிர, எழும்பவில்லை.

"இது பறக்காதுங்களா அண்ணா?"

"தெரியலீங்களே. ஓட்டை விழுந்த கூடுதான் பாத்திருக்கேன். வெளிய வர்றத நின்னு பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்லீங்க" என்று டீச்சர் எங்கள் முன்னாலேயே ரப்பரை எடுத்து வானத்தை அழித்தார். பூச்சியின் காலுக்குக் கீழே ஒரு முறம் வரைந்தார். தெரியாது என்று ஒரு டீச்சர் சொல்லக் கேட்டது அதுதான் எனக்கு முதல் முறை. அப்பா இலை வெட்டப் போகவேண்டியதை மறந்து, துண்டைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றிருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "அப்பாவுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கும்மா. எங்க வகுப்புக்குள்ள வர்றதுக்கு, ஷெட்டுக்குப் போற மாதிரி தெனமும் காலு கழுவறாரு!"

அம்மா சிரிக்கவே இல்லை. "அங்கயும் புள்ளைங்கள வளக்கறாங்கல்ல பாப்பா" என்றாள். இதில் சிரிக்காமல் இருக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.