இன்னும் எவ்வளவு தூரம்

உச்சியில் சாமி பாதம் பதிந்த பாதமலை ஏறும்போது இரண்டு பேச்சு வாயில் வரக்கூடாது. ஒன்று, முடியவில்லை என்பது. மற்றது, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பது. கேட்டால் மலை நீண்டுகொண்டே போகும் என்பார்கள். எனக்கு இருந்த வாய்க்கு அந்தச் சட்டத்தை எனக்காகவே போட்டது போலிருந்தது. மாமியாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுப் புறப்படும்போதே, அங்கே வந்து வாயைத் திறந்துவிடாதே என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிவந்தார்.

மகளுக்கு அப்போது பதினோரு மாதம். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. இது தங்கினால் ஒரு வயது நிறையும் முன்பே சாமி பாதத்தில் கொண்டுபோய்க் கிடத்துவதாக மாமியார் நேர்ந்துகொண்டார். கொழுந்து அதிகம் என்று தோட்டத்தில் லீவு கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். கடைசியில் சீசன் முடிய நாலைந்து நாள் இருக்கும்போதுதான் விட்டார்கள். அதற்குள் மழை முந்திக்கொண்டது.

வீட்டுக்காரர், மாமியார், நான், பிள்ளை, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து மூன்று பேர். எங்களை அழைத்துப் போனவர் மஸ்கெலியாப் பக்கத்துச் சிங்கள ஆள். ஊரில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்தார். கூட்டத்தை மலைக்குக் கூட்டிப் போகிறவரைச் சிங்களத்தில் நடே குரு என்பார்கள். இருபது தடவைக்கு மேல் ஏறியவர், அதிகம் பேசமாட்டார். பிள்ளை இருப்பதால் பகலிலேயே ஏறி மேலே தங்கிவிடலாம் என்று அவர்தான் சொன்னார்.

அடிவாரத்து ஆற்றில் குளிக்காமல் ஏறக்கூடாது. அந்தத் தண்ணீர் எலும்பைத் தொடும். பிள்ளைக்குக் காலை மட்டும் நனைத்தால் போதாதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாமியார் இரண்டு கை அள்ளித் தலையில் ஊற்றிவிட்டார். பிள்ளை அலறியது. வேறு துணி சுற்றி, இடுப்போடு கட்டிக்கொண்டு நடந்தேன்.

பாதி மலையில் மழை பிடித்தது. மழையென்றால் மேலிருந்து விழுகிற மழையில்லை. காற்று அதைப் பக்கவாட்டில் வாரி அடித்தது. முன்னால் போகிற நடே குருவின் வெள்ளை வேட்டி கொஞ்ச நேரம் தெரியும், பிறகு மூட்டம் மூடிவிடும். படியெல்லாம் தண்ணீர் ஓடியது. என் சேலை நனைந்தது, அதற்குள் கம்பளி நனைந்தது, அதற்குள் பிள்ளையின் துணியும் நனைந்துவிட்டது. மூட்டையிலிருந்த மாற்றுத் துணியைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது.

அதுவரை அழுதுகொண்டே வந்த பிள்ளை அழுகையை நிறுத்தியது. பக்கத்துக் காம்பராக்காரி அதைப் பார்த்து, பிள்ளைக்குக்கூட மலையின் மரியாதை தெரிகிறது என்றாள். எல்லோரும் அரோகரா சொன்னார்கள். நானும் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கொஞ்ச தூரம் போய் பிள்ளையின் கைக்குள் என் விரலைக் கொடுத்தேன். எப்போதும் இறுக்கிப் பிடிக்கிற கை, அப்படியே விரிந்து கிடந்தது. உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் எண்ணி எண்ணி விட்டது. சொல்லலாமா? சொல்லி ஏதாவது ஆகிவிட்டால், இவள் வாயால்தான் போனது என்பார்கள். முதல் இரண்டுக்கே அப்படித்தான் சொன்னார்கள். ஒரு படி ஏறினேன், இன்னொரு படி ஏறினேன். எத்தனை படி அப்படி ஏறினேனோ தெரியாது.

பிறகு நின்றுவிட்டேன். மூட்டத்துக்குள் தெரிந்த வெள்ளை வேட்டியைப் பார்த்து, தொண்டை கிழியக் கேட்டேன்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

எல்லோரும் நின்றார்கள். மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. படியிறங்கி வந்து, சேலையை விலக்கிப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நெஞ்சில் கை வைத்தார். இறங்குவோம் என்றார்.

நேர்த்திக்கடனைப் பாதியில் விட்டால் பிள்ளை தங்காது என்று மாமியார் வழியை மறித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் அம்மாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம்.

"நேத்தி நீங்க வச்சது. புள்ள நான் பெத்தது. தள்ளுங்க."

அவர் நகரவில்லை. வீட்டுக்காரர்தான் அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். நடே குரு பிள்ளையின் ஈரத்துணியை உருவிப் போட்டு, தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, வெறும் மார்போடு சேர்த்து வைத்து, மேலே தன் கோட்டால் மூடினார். அந்த வழுக்குப் படியில் எப்படி அத்தனை வேகமாக இறங்கினாரோ. நான் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தேன், முழங்கால் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது.

கீழே ஒரு தேத்தண்ணிக் கடையில் அடுப்பு எரிந்தது. அடுப்போரம் உட்கார்ந்து, நடே குரு தன் மார்பிலேயே பிள்ளையை வைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.  கடைக்காரி இரண்டு தரம் விறகு போட்டாள். மூன்றாம் தரம் போடும்போது பிள்ளை சிணுங்கியது, பிறகு வீறிட்டு அழுதது. என்னிடம் தந்தார். பால் குடிக்கத் தொடங்கியதும் என் விரலைப் பிடித்தது.

மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மகளின் பிறந்தநாள் வந்து போன பிறகுதான் அவர் பயம் தெளிந்தது.

அடுத்த சீசனில், கூட்டம் சேர்க்க நடே குரு லயத்துக்கு வந்தார். மகள் வாசலில் நடந்து திரிவதைப் பார்த்துச் சிரித்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஒரு வருசமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். அன்றைக்கு நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உச்சிக்கு அரை மணி நேரந்தான் இருந்திச்சு, தங்கச்சி. மேல அடிக்கிற காத்துல புள்ள தாங்காது. சொன்னா நீங்க ஏறுவீங்கதானே."

 ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டேன். ஏறித்தான் இருப்பேன் என்றேன் அவரிடம்.